ஃபேனுக்கு முன்னால் ஒரு வாத்து

போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது மாஸ்டர் போட்ட குண்டு இன்னும் புகைந்துகொண்டுதான் இருந்தது.

"நான் ஒருத்தங்களைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்." அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காதவர்போல டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அது மருமகனின் டம்ளர்.

மருமகன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். மகள்தான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து "சாப்பிடுங்க", "கதவைச் சாத்துங்க", "மாத்திரை போட்டீங்களா" என்பதற்கு மேல் அப்பாவிடம் அவள் ஒரு வார்த்தையும் செலவழிக்கவில்லை.

மாஸ்டர் என்றால் டிரைவிங் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். வாழ்க்கையின் பெரும்பகுதியைக் காரின் இடது சீட்டில், காலுக்கடியில் தனக்கென்று ஒரு பிரேக்கோடு கழித்தவர். அந்தப் பழக்கத்தில், பதற்றம் வந்தால் எங்கே உட்கார்ந்திருந்தாலும் வலது கால் தரையை ஓர் அழுத்து அழுத்தும். போன வாரம் முழுக்க அந்தக் கால் ஓயவே இல்லை.

மனைவி போன பிறகு அவரைத் தனியாக இருக்க விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, இந்த இரண்டாவது மாடி வீட்டுக்குக் கூட்டி வந்தவள் மகள்தான். அவள் கால்நடை டாக்டர். பகலெல்லாம் நாய், பூனை, ஆடு, மாடு என்று வைத்தியம் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்ப்பாள். மருமகன் டைல்ஸ் வியாபாரி. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மனிதர்களைப் பார்ப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மாத்திரையும் தண்ணீருமாக அப்பாவின் அறைக்கதவைத் திறந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஜன்னல் கம்பியில், சட்டை மாட்டும் ஹாங்கரில், ஒரு முழு வாத்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தேன் பூசிய தோல் பளபளவென்று மின்னியது. கீழே பழைய பேப்பர் விரித்திருந்தது. எதிரே மேசை ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபேனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, காவல்காரர்போல மாஸ்டர் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா இது?"

"வாத்து."

"அது தெரியுது. இங்க என்ன பண்ணுது?"

"காயுது. தோல் நல்லாக் காஞ்சாத்தான் மொறுமொறுன்னு வருமாம். ராத்திரியே கொதிக்கிற தண்ணிய மேல ஊத்தி, உள்ளே மசாலா தடவி, தேனும் சோயா சாஸும் பூசிட்டேன். சைனாக்காரங்க இப்படித்தான் பண்ணுவாங்களாம்."

சட்டியில் முட்டை பொரிப்பதற்கே மூன்று தரம் கூப்பிடுகிற அப்பா! மகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டாள்.

"அவங்களுக்காகவா?"

"ம்."

அவங்க என்பது, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் மேடம். ஐம்பதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர். மாஸ்டரின் வண்டியில் முதல் நாளே கியரை மாற்றத் தெரியாமல் நடுரோட்டில் நிறுத்திவிட்டு, பின்னால் ஹாரன் அடித்தவர்களைப் பார்த்து, "அவசரம்னா மேல பறந்து போங்க" என்று நிதானமாகச் சொன்னவர். அந்த நிமிஷமே மாஸ்டர் கவிழ்ந்துவிட்டார் என்பது மருமகனின் கணிப்பு.

இன்னொரு நாள், ரயில் கேட்டில் வண்டி நின்றபோது மேடம் பேச்சுவாக்கில் சொன்னார்: வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஹாஸ்டலுக்கு எதிரே ஒரு சைனாக் கடை இருந்ததாம். கண்ணாடிக்குப் பின்னால் வாத்துகள் வரிசையாகத் தொங்குமாம். சம்பளம் வந்ததும் நேராகப் போய் வாத்தும் ஃப்ரைடு ரைஸும் சாப்பிடுவாராம். அதற்கப்புறம் அந்த ருசி எங்கேயும் கிடைக்கவில்லையாம்.

கேட் திறந்துவிட்டது. மாஸ்டரின் மனசு அந்த வாத்திலேயே நின்றுவிட்டது. இன்று மதியம் முதல்முறையாக மேடம் இந்த வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்.

"நான் எதுலயும் தலையிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மகள் ஹாலுக்குப் போய்ப் பத்திரிகையை விரித்துக்கொண்டாள். சமையலறை நன்றாகத் தெரிகிற சோபாவாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தாள்.

முதல் வெடி ஃபிரிட்ஜில் வெடித்தது.

"நேத்து ராத்திரி வடிச்சு வச்ச சோறு எங்க?" மாஸ்டரின் குரல் கீச்சிட்டது. ஃப்ரைடு ரைஸுக்குப் பழைய சோறுதான் வேண்டும், ஆறிக் காய்ந்தால்தான் உதிரி உதிரியாக வரும் என்று படித்து, ஒரு பெரிய பாத்திரம் நிறைய வடித்து வைத்திருந்தார். இப்போது பாத்திரம் இருந்தது, கழுவிக் கவிழ்த்தபடி.

மருமகன் தலையைச் சொறிந்தான். "மாமா... ராத்திரி லேசாப் பசிச்சுது."

"லேசாவா? நாலு பேர் சோறு மாப்பிள்ளை!"

"மிச்சம் வச்சா வீணாப்போகுமேன்னு பார்த்தேன்."

மகள் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். பத்திரிகை குலுங்கியது.

அவசரமாகப் புதுச் சோறு வடித்தார்கள். சூட்டோடு வாணலியில் போட்டால் களியாகிவிடும். மருமகன் பரணிலிருந்து பெரிய தட்டுகளை இறக்கிச் சோற்றைப் பரப்பினான். ஆற வைக்க ஃபேன் வேண்டும். ஃபேன் வாத்திடம் இருந்தது. வாத்துக்கு முதலில் காற்றா சோற்றுக்கு முதலில் காற்றா என்று மாமனும் மருமகனும் கொஞ்ச நேரம் வழக்காடினார்கள். கடைசியில் சோற்றுத் தட்டுகள் மாஸ்டரின் கட்டில்மேல் ஏறின. ஃபேன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, இரண்டு பேருக்கும் நியாயம் செய்தது.

இரண்டாவது வெடி ஓவனில்.

வாத்து உள்ளே போகவில்லை. நேராக வைத்தால் கால் இடித்தது. குறுக்கே வைத்தால் கழுத்து இடித்தது. ரிவர்ஸில் விட்டுப் பார்த்தார் மாஸ்டர். சந்தில் லாரி திருப்புகிறவர்போல, "கொஞ்சம் லெஃப்ட்... இன்னும் கொஞ்சம்..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தள்ளினார். கதவு மூடவில்லை. முழங்காலால் அழுத்தப் போனார்.

"தள்ளுங்கப்பா!"

மகள் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"தலையிட மாட்டேன்னியே."

"இந்தக் கொடுமையைப் பார்த்துட்டு இருக்க முடியாது. செத்த பிறகாவது அதை நிம்மதியா விடுங்க."

வாத்தைப் பலகைமேல் குப்புறப் போட்டாள். பெரிய கத்தரிக்கோலால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் நறுக் நறுக்கென்று வெட்டி எடுத்தாள். திருப்பிப் போட்டு, உள்ளங்கையால் மார்பில் ஓர் அழுத்து. மளுக்கென்ற சத்தத்தோடு வாத்து புத்தகம்போல விரிந்தது. பிறகு இடுப்பு மூட்டில் விரலை வைத்துத் தடவி, கத்தி நுனியை விட்டு ஒரு திருப்புத் திருப்பினாள். கால் இரண்டும் சமர்த்தாக உள்ளே மடங்கின. கம்பித் தட்டில் வைத்து ஓவனுக்குள் தள்ளினாள். இடம் மிச்சம் இருந்தது.

மாஸ்டர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "அடேங்கப்பா!"

"பேசாதீங்க. நான் உங்களுக்கு உதவி பண்ணலை. வாத்துக்குப் பண்ணேன்."

ஆனாலும் அவள் சோபாவுக்குத் திரும்பிப் போகவில்லை. வெங்காயத்தாளை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். மாஸ்டர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கேரட்டை எடுத்தார். மசாலாவில் இருந்த அன்னாசிப்பூவும் பட்டையும் சூடேறி, வீடெங்கும் இனிப்பும் காரமுமாக ஒரு வாசனை பரவியது.

"எனக்கு எதுல கோபம்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் மகள், வெங்காயத்தாளைப் பார்த்தபடியே.

"அம்மாவோட இடத்துல..."

"அது இல்ல. நாலு வருஷமாச்சு. நீங்க தனியா டிவி பார்த்துச் சிரிக்கிறதைப் பார்க்க எனக்கு என்ன ஆசையா?" கத்தி நின்றது. "உங்க ஸ்கூல்ல வண்டி கழுவுற பையனுக்குத் தெரிஞ்சிருக்கு. டீக்கடைக்காரருக்குத் தெரிஞ்சிருக்கு. என் கிளினிக்குக்குக் கிளியைத் தூக்கிட்டு வந்த ஒரு அம்மா, 'உங்கப்பாவுக்குக் கல்யாணமாமே'ன்னு கேக்குது. நான் அசடு மாதிரி முழிக்கிறேன். நீங்க சொன்னது அதுக்கு அடுத்த நாள்."

மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது. "உங்கிட்ட சொல்லத்தாம்மா பயம். மத்தவங்க என்ன நினைச்சா எனக்கென்ன?"

மகள் அதற்குப் பதில் சொல்வதற்குள் ஓவனிலிருந்து புகை குபுகுபுவென்று கிளம்பியது.

"தண்ணி! அடித்தட்டுல தண்ணி ஊத்த மறந்துட்டேன்!" மாஸ்டர் குதித்தார். வாத்திலிருந்து சொட்டிய கொழுப்பு சூட்டுத் தட்டில் விழுந்து கருகிக்கொண்டிருந்தது. மருமகன் டைல்ஸ் கேட்டலாக்கால் விசிறிக்கொண்டே ஜன்னல்களைத் திறந்தான். மகள் தட்டை வெளியே இழுத்தாள். கருகாத கொழுப்பை ஒரு கிண்ணத்தில் வடித்தாள். தட்டில் தண்ணீர் ஊற்றி மறுபடி உள்ளே வைத்தாள். மூன்று பேரும் இருமினார்கள். இருமல் நின்றபோது ஏனோ மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் கொழுப்புலதான் சோத்தை வறுக்கணும்" என்றார் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நம்ம வீட்டுல இருக்கிற கொழுப்புக்கு இது வேறயா?" என்றான் மருமகன்.

இரும்பு வாணலி புகைகிற அளவுக்குச் சூடேறியது. வாத்துக் கொழுப்பு உருகியதும் முட்டையை ஊற்றிக் கிளறி, ஆறிய சோற்றை விரலால் உதிர்த்துக் கொட்டினார்கள். கேரட், பட்டாணி, ஓரமாகச் சுழற்றி ஊற்றிய சோயா சாஸ், கடைசியில் வெங்காயத்தாள். மாஸ்டர் வாணலியைப் பிடிக்க, மகள் கரண்டியைச் சுழற்றினாள். "வேகம், வேகம், அடுப்பைக் குறைக்காதீங்க!" என்று அவள் அதட்ட, இத்தனை வருஷமாக மற்றவர்களை அதட்டியே பழகிய மனிதர், "சரிம்மா, சரிம்மா" என்று மண்டையை ஆட்டினார்.

கீழே ஹாரன் சத்தம் கேட்டது. மாஸ்டர் ஜன்னலுக்கு ஓடினார்.

எக்ஸ்ரே மேடம் தன் சின்னக் காரைக் கொண்டுவந்து, ஒரு வேனுக்கும் ஒரு மரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியில், ஒரே திருப்பில் பின்பக்கமாக நுழைத்து நிறுத்தினார். மாஸ்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, "அருமை" என்றார். வாத்தைப் பற்றி அவர் முகத்தில் இவ்வளவு பெருமை இல்லை என்பதை மகள் கவனித்தாள்.

மேடம் ஒல்லியாக, உயரமாக, குட்டையாக வெட்டிய நரைமுடியோடு இருந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சு. வந்ததும் வராததுமாக, "புகை கீழ வரைக்கும் வருது, யாருக்காவது அடிபட்டுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "அப்ப சாப்பிடலாம்" என்று உட்கார்ந்துவிட்டார். மருமகனுக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துப்போனது.

வாத்து மேசைக்கு வந்தது. பழுத்த பலாச்சுளை நிறத்திலிருந்து செம்பழுப்புவரை பல நிறங்களில் தோல் மின்னியது. ஒரு மூலையில் கருகியிருந்தது. அந்த மூலையை மாஸ்டர் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

மேடம் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். மென்றார்.

"அந்தக் கடைல தோல் இன்னும் மொறுமொறுன்னு இருக்கும்."

மேசைக்கடியில் மாஸ்டரின் கால் போட்ட பிரேக்கில் தண்ணீர் ஜாடி ஆடியது.

"ஆனா அந்தக் கடைச் சோறு இதுகிட்ட நிக்காது" என்று மேடம் இரண்டாவது கரண்டி போட்டுக்கொண்டார். பிறகு கால் துண்டைக் கையில் எடுத்து, எலும்பின் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மூட்டை யார் கழட்டினது?"

"ஏன்?" என்றாள் மகள் உஷாராக.

"எலும்புல ஒரு கீறல் இல்ல. மூட்டுக் கிண்ணத்துலேர்ந்து பந்து அப்படியே சுத்தமா வந்திருக்கு. நான் எத்தனையோ இடுப்பு பார்த்திருக்கேன்."

"நான்தான்."

"அப்படிப் போடு! நாய்க்கெல்லாம் இடுப்பு நழுவினா எப்படிப் படம் எடுப்பீங்க? அசையாம இருக்காதே?"

அவ்வளவுதான். மகள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். மயக்க ஊசி, மேசை, கோணம், ஒரு பெரிய நாய் எக்ஸ்ரே தகட்டைக் கடித்த கதை என்று பேச்சு எங்கேயோ போனது. கைக்குக் கிடைத்த எலும்பையெல்லாம் வைத்து இருவரும் விளக்கிக்கொண்டார்கள். மருமகன் மூட்டுக் கதைகளைக் கேட்டு, கையில் இருந்த துண்டை மெதுவாகத் தட்டில் வைத்தான். அவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்ததை அந்த வீடு அன்றுதான் பார்த்தது. மாஸ்டரை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. அவருக்கு அதைவிட வேறு சந்தோஷம் தேவைப்படவில்லை.

பேச்சின் உற்சாகத்தில் மகள்தான் ஆரம்பித்தாள். "அப்பா ரூம் சின்னது. பக்கத்து ரூம்ல இவரோட டைல்ஸ் சாம்பிள்தான் கிடக்கு. அதைக் காலி பண்ணிட்டா, உங்க ரெண்டு பேருக்கும் தாராளமா..."

மேடம் கரண்டியை வைத்தார். மாஸ்டரைப் பார்த்தார்.

"மாஸ்டர், நீங்க இன்னும் சொல்லலையா?"

மாஸ்டர் மருமகனின் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

"என்ன சொல்லலை?" என்றாள் மகள்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. "நான் இங்க வரலம்மா. என் வீட்டை விட்டு வர மாட்டேன்னு முதல்லயே சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கம், அவசரம்னா நடந்தே போயிடுவேன். அது மட்டும் இல்ல. அங்க ஒரு ஜன்னலைத் திறக்கணும்னா நான் யாரையும் கேக்க வேண்டாம். அப்படியே பழகிட்டேன். இவர்தான் அங்க வர்றதா ஒத்துக்கிட்டார்."

மகள் எழுந்தாள். யாரையும் பார்க்காமல் சமையலறைக்குப் போனாள். காலி வாணலியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

மாஸ்டர் பின்னாலேயே போனார். "அம்மாடி..."

"மறுபடியும் கடைசியில எனக்குத்தான் தெரியுது."

"தப்புத்தான்."

"கல்யாணத்தைச் சொல்ல ஒரு பயம். வீட்டை விட்டுப் போறதைச் சொல்ல இன்னொரு பயம். நான் என்ன புலியா?"

"புலின்னா நீ ஊசி போட்டுடுவே, பயம் இல்ல." அவள் சிரிக்கவில்லை. மாஸ்டர் அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தார். "உங்கம்மா போனப்போ நான் தடுமாறித்தான் போனேன். நீ கூட்டிட்டு வரலைன்னா என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. இப்ப நான் போறேன்னு சொன்னா, இந்த வீட்டுல எனக்கு ஏதோ குறைன்னு நீ நினைச்சிடுவியோன்னு வாய் வரலை. குறை எதுவும் இல்லம்மா. நீ பார்த்துக்கிட்டதுலதான் எனக்கு இன்னொரு தடவை ஆசை வர்ற அளவுக்குத் தெம்பு வந்துச்சு."

மகள் வாணலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து வழிந்தது. வெங்காயத்தாள் கையால் துடைக்கப்போய் இன்னும் எரிந்தது. மாஸ்டர் தன் தோள் துண்டை நீட்டினார். அதில் சோயா சாஸ் இருந்தது. மூக்கில் ஒரு பழுப்புத் தீற்று விழுந்தது.

"போங்க" என்றாள் கடைசியில். "ஆனா தினம் ஃபோன் பண்ணணும். நான் பண்றப்ப 'ஓட்டிட்டிருக்கேன்'னு வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டேன்."

"நாடி பார்க்க வாரா வாரம் வரணும்."

"அவங்களையும் கூட்டிட்டு வரேன். நீ நாடியைப் பாரு, அவங்க நெஞ்சைப் படம் எடுத்துடுவாங்க."

இப்போது அவள் சிரித்துவிட்டாள்.

ஹாலுக்கு வந்தபோது மேடம் எழுந்து நின்றிருந்தார். மகளின் மூக்கைப் பார்த்தார். "நான் பட்டுனு போட்டு உடைச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

"நல்லதாப் போச்சு. இவர் சொல்றதுக்குள்ள அடுத்த வருஷம் வந்துடும்" என்றாள் மகள். "உட்காருங்க, இன்னும் சோறு இருக்கு."

மேடம் உட்காரவில்லை. முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்தது.

"உடைக்கிறதுதான் உடைக்கிறோம். என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. மாஸ்டர், எனக்கு ஒரு அண்ணன் இருக்கார்னு சொன்னேன் இல்ல?"

"ஆமா. அரசாங்க உத்தியோகம்னு சொன்னீங்க."

"என்ன உத்தியோகம்னு சொல்லலை. சொன்னா எனக்கு லைசென்ஸ் ஓசியில வந்துச்சுன்னு நினைப்பீங்களோன்னு இருந்துச்சு. அவர் லீவுல இருந்து, வெளியூர் ஆள் வந்த நாளாப் பார்த்துத்தான் டெஸ்டுக்கே போனேன். அவரை மத்தியானம் சாப்பாடு முடியற நேரத்துக்கு இங்க வரச் சொல்லியிருக்கேன்."

மாஸ்டரின் கால் தரையில் பதிந்தது பதிந்தபடி நின்றது.

ஊரில் லைசென்ஸ் கொடுக்கும் இன்ஸ்பெக்டர் ஒருவர்தான். மாஸ்டர் அவரைக் 'கூம்பு' என்றுதான் சொல்வார். டெஸ்ட் மைதானத்தில் சிவப்புக் கூம்புகளை அடுக்கி வைத்துக்கொண்டு, காற்றில் ஆடினாலும் "தட்டிட்டே, ஃபெயில்" என்பவர். ஒருநாள் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும், "முதல்ல உங்க கண்ணை டெஸ்ட் பண்ணுங்க சார்" என்று கத்திவிட்டார். அவரும் விடவில்லை. ஆள் வைத்து மாஸ்டரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் எதிரெதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், ஒருவர் பூமியைப் பார்ப்பார்.

"கூம்பா?" என்றார் மாஸ்டர்.

"வீட்டுல நாங்க அப்படிக் கூப்பிடுறதில்ல" என்றார் மேடம்.

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்ல ஜோடிதான் போங்க. ஆளுக்கொண்ணு ஒளிச்சு வச்சிருக்கீங்க."

மாடிப்படியில் கனமான செருப்புச் சத்தம் ஏறி வந்தது. மருமகன் அவசரமாக ஒரு தட்டை எடுத்து, கருகாத துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தான். மாஸ்டர் இன்னும் கட்டியிருந்த ஏப்ரனைக் கழற்றப் போனார். முடிச்சு இறுகிக்கொண்டது. மகள் கதவைத் திறந்தாள்.

வாசலில் பருத்த மனிதர் ஒருவர், படியேறிய களைப்பில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். வாசனையை ஒருதரம் ஆழ்ந்து இழுத்தார். முகம் மலர்ந்தது. ஒரு காலில் செருப்பைக் கழற்றினார். அப்போதுதான், ஏப்ரனும் பின்னால் இரண்டு கைகளுமாக மாட்டிக்கொண்டு நின்ற மாஸ்டரைப் பார்த்தார். மலர்ந்த முகம் அப்படியே உறைந்தது.

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, தங்கையின் பக்கம் திரும்பினார்.

"இவனா?"

எக்ஸ்ரே மேடம் மாஸ்டருக்குப் பக்கத்தில் வந்து நின்று, அந்த ஏப்ரன் முடிச்சை நிதானமாக அவிழ்த்தார்.

"இவர்" என்றார்.